10ஜி வாங்கியும் 94தானா? வீட்டுத் தொழில்நுட்பக் கேள்வி பதில்

வீட்டு இணையம், கைப்பேசி, மோசடி அழைப்பு, வாங்கிய பொருளில் கோளாறு என்று சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். இணையம் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருந்ததால் அதிலிருந்தே தொடங்கலாம்.

பொங்கோல் வாசகர்: நான்கறை பிடிஓ (அரசாங்க அடுக்குமாடி) வீடு. போன மாசம் 10 கிகாபிட் (10,000 மெகாபிட்) திட்டத்துக்கு மாறினோம். ரவுட்டர் பாம் ஷெல்டருக்குள்ள இருக்கு. மகன் அறையில சுவர் பாயிண்ட்ல கேபிள் மாட்டி மடிக்கணினியில சோதிச்சா 94 மெகாபிட் வருது. படுக்கையறையில போன்ல 60, 70. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்லை. இது இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலாவதை அந்த 94-ஏ காட்டிக்கொடுக்கிறது.

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. 1000 மெகாபிட் ஓட எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலோ, முனையில் சரியாகக் கடிபடாமல் போனாலோ, இரு பக்கக் கருவிகளும் பேசிவைத்துக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். அதில் முகவரி போன்ற கூடுதல் தகவலுக்குப் போவது போக நிற்பது 94. சோதனை முடிவு 93, 94, 95 என்று அசையாமல் நின்றால் திட்டத்தைச் சந்தேகிக்காதீர்கள், கம்பியைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீட்' தெரியும். 100/100 என்று இருந்தால் உறுதி. முதலில் மடிக்கணினிப் பக்கத்துச் சின்னக் கேபிளை மாற்றுங்கள். மாறவில்லையென்றால் ரவுட்டர் பக்கத்துக் கேபிள். அதன் பிறகும் 100 என்றால் சுவர் பாயிண்டுக்குப் பின்னால் கம்பி சரியாக அழுத்தப்படவில்லை. அதைக் கழற்றி மறுபடி அழுத்துவது ஒரு மின்னியலாளருக்குப் பத்து நிமிட வேலை. சுவருக்குள் ஓடுவது கேட் 5இ ஆக இருந்தாலும் கவலை வேண்டாம், 2.5 கிகாபிட் வரை அது தாங்கும்.

எல்லாம் சரியான பிறகும் 10,000 வராது. மடிக்கணினியில் கேபிள் மாட்டும் துளை (போர்ட்) 1 கிகாபிட் என்றால் உச்சம் ஏறத்தாழ 940. 2.5 கிகாபிட் துளை என்றால் 2,300-ஐ ஒட்டி. 10 கிகாபிட்டை முழுசாகப் பார்க்க ரவுட்டர், கேபிள், கணினி மூன்றிலும் அந்தத் துளை வேண்டும். வீட்டில் நாலு பேர் படம் பார்த்து, இரண்டு பேர் காணொளிக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் 1 கிகாபிட் தீராது என்பது என் கருத்து. பெரிய கோப்புகளைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர்களுக்குத்தான் அதற்கு மேல் காசு கொடுப்பதில் அர்த்தம்.

அடுத்து வைஃபை. பாம் ஷெல்டர் குண்டு வெடிப்பைத் தாங்கக் கட்டிய அறை: சுற்றிலும் கம்பி போட்ட கனத்த கான்கிரீட், வாசலில் இரும்புக் கதவு. அதற்குள் ரவுட்டரை வைத்துக் கதவையும் சாத்திவிட்டு அலை வெளியே வரவில்லை என்றால் ரவுட்டர் என்ன செய்யும்? அந்தச் சுவரில் ஓட்டை போட்டுக் கேபிள் இழுக்கவும் முடியாது, குடிமைத் தற்காப்புப் படை விதி இடம் தராது. ஏற்கெனவே இருக்கும் லேன் பாயிண்டுகள்தான் வழி. ஃபைபர் பெட்டி ஷெல்டரிலேயே இருக்கட்டும். அங்கிருந்து வரவேற்பறைப் பாயிண்டுக்கு வரும் கேபிளில் ரவுட்டரை மாட்டி, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிக்காமல் திறந்த இடத்தில் வையுங்கள். படுக்கையறைக்கு வைஃபையை நீட்டித் தரும் மெஷ் கருவி ஒன்று வாங்கினால் அதையும் கேபிளில்தான் இணைக்க வேண்டும். காற்றில் இணைத்தால், பல கருவிகளில் முதல் கருவியோடு பேசுவதற்கே பாதி வேகம் போய்விடும்.

பொங்கோல் வாசகர் மறுபடி: சின்னக் கேபிள மாத்தினதும் 938! ரவுட்டர வெளிய கொண்டுவந்ததும் போன்ல 400 வருது. ஆனா சமையலறையில 2.4-லதான் ஒட்டிக்கிட்டு நிக்குது.

பதில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் மேலே, கீழே, பக்கத்தில் இருக்கும் எல்லா வீடும் அந்த மூன்றிலேயே நெருக்கியடிக்கும். 2.4-க்கு வேறு பெயர் வைத்து மின்விசிறி, கேமரா, துணி துவைக்கும் இயந்திரத்தை அங்கே விடுங்கள். போனில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 'மறந்துவிடு' கொடுங்கள்.

தெம்பனிஸ் வாசகி: வைஃபை 7 ரவுட்டர் வாங்கலாமாண்ணா? '320 மெகாஹெர்ட்ஸ்' என்று பெருசா போட்டிருக்கு.

பதில்: அந்த 320 என்பது தடத்தின் அகலம். அது கிடைக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிங்கப்பூரில் வைஃபைக்குத் திறந்துவிட்டது கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸ் மட்டும். 320 அகலத்தில் தடம் போட்டால் ஒன்றுதான் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே வாங்கினால் இருவரும் ஒரே பாதையில்தான். போனும் வைஃபை 7 இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

ஈசூன் வாசகர்: ஊரிலிருந்து அப்பா கொண்டுவந்த போன். டேட்டா நல்லா ஓடுது, வாட்ஸ்அப் கால் போகுது. சாதாரண கால் மட்டும் போகவே இல்ல. சிம் புதுசு.

பதில்: சிம் பாவம். சிங்கப்பூரில் 2ஜி 2017-இலேயே மூடிவிட்டது, 3ஜி 2024-இல் போனது. இப்போது குரல் அழைப்பும் பெரும்பாலும் 4ஜி வழியாகத்தான் போகிறது. அதற்குப் பெயர் வோல்டி. வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த சில போன்களில் வோல்டி வசதி இருந்தும், இங்குள்ள நிறுவனங்களுக்கான அமைப்பு ஏற்றப்பட்டிருக்காது. முன்பு அப்படிப்பட்ட போன் 3ஜிக்கு இறங்கிப் பேசிக்கொண்டிருந்தது, இப்போது இறங்குவதற்கு ஒன்றுமில்லை.

சிம் அமைப்பில் 'வோல்டி' அல்லது '4ஜி காலிங்' இருந்தால் இயக்கி, ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மென்பொருளையும் புதுப்பியுங்கள். அழைக்கும்போது மேலே 4ஜி குறி மறையாமல் இருந்தால் சரி. மறைந்து அழைப்பும் அறுந்தால் அந்த போன் இங்கே பேச உதவாது. இதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் கண்டுபிடிக்கும் விஷயமல்ல இது. தேக்கா பக்கம் பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் தங்கள் சிம்மைப் போட்டு ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி: +65 என்று வர்ற கால் உள்ளூர்க் கால்தானே? எடுத்தா 'வங்கியிலிருந்து பேசுறோம்' என்கிறான்.

பதில்: தலைகீழ். உள்ளூர் அழைப்பு வெறும் 8 இலக்கமாக வரும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் 2020 முதல் '+' போடுகிறார்கள். ஆகவே +65 என்றால் சிங்கப்பூர் எண் போல வேடமிட்ட வெளிநாட்டு அழைப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போன உங்கள் சொந்தக்காரர் தன் சிங்கப்பூர் எண்ணிலிருந்து அழைத்தாலும் அப்படி வரலாம், ஆனால் அவர் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லமாட்டார்.

வெளிநாட்டு அழைப்பு, எஸ்எம்எஸ் முழுவதையும் தடுக்கும் வசதி தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் உண்டு. ஊரிலிருந்து அம்மா சாதாரண அழைப்பில் கூப்பிடுவார் என்றால் அதுவும் நின்றுவிடும் என்பதை யோசித்துப் போடுங்கள். வாட்ஸ்அப் அழைப்புக்கு இந்தத் தடை பொருந்தாது. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-ஐ அழையுங்கள். அரசாங்க எஸ்எம்எஸ் என்றால் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலும் 'கவ் டாட் எஸ்ஜி' என்ற ஒரே பெயரில்தான் வரும்.

அதே வாசகி: மாமியாருடைய சேமிப்புக்கு ஏதாவது பூட்டு உண்டா?

பதில்: உண்டு. டிபிஎஸ்ஸில் டிஜிவால்ட், ஓசிபிசியில் மணி லாக், யூஓபியில் லாக்அவே. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாரும் அனுப்ப முடியாது, அவரே நினைத்தாலும் சரி. திறப்பதற்கு நேரில் அடையாளம் காட்ட வேண்டும். மாதாமாதம் கைரோவில் (கணக்கிலிருந்து தானாகக் கழியும் கட்டணம்) போகும் தொகையை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைப் பூட்டுங்கள்.

செங்காங் வாசகர்: வங்கி எஸ்எம்எஸ் ஓடிபியை எடுத்துட்டாங்க. இப்ப எல்லாம் செயலிதான். வயசானவங்களுக்கு இது கஷ்டமில்லையா?

பதில்: கஷ்டம்தான். ஆனாலும் மாற்றம் சரி என்பேன். ஓடிபி ஆறு இலக்க எண். போலித் தளத்தில் நீங்கள் தட்டியதும், மறுமுனையில் இருப்பவன் அதே நொடியில் உண்மையான தளத்தில் தட்டிவிடுவான். வங்கிச் செயலிக்குள் இருக்கும் டிஜிட்டல் டோக்கன் உங்கள் கைப்பேசியோடு கட்டுண்டது, படித்துச் சொல்ல அதில் எண் இல்லை. ஆனால் 'அனுமதி' பொத்தானை வாசிக்காமல் தட்டினால் எந்த டோக்கனும் காப்பாற்றாது.

ஒரு நடைமுறைச் சிக்கல் சொல்கிறேன். புதுப் போனில் டோக்கனை இயக்கிய முதல் 12 மணி நேரம் புதிய பெறுநரைச் சேர்ப்பது, வரம்பை உயர்த்துவது போன்றவை நடக்காது. திருடன் உங்கள் பெயரில் டோக்கன் போட்டாலும் நீங்கள் விழித்துக்கொள்ள வைத்த இடைவெளி அது. ஊருக்குக் கிளம்பும் அன்று போனை மாற்றினால் அது உங்களைத்தான் கடிக்கும். இரண்டு நாள் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: தம்பி ஃபேஸ்புக்கில மீன் ஆர்டர் பண்ணினான். 5 வெள்ளி முன்பணம் கட்ட ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்பு அனுப்பினாங்க, இறக்கிட்டான். இப்ப என்ன செய்ய?

பதில்: இதைப் படிக்கும்போதே போனை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள். வைஃபையும் அணைந்ததா என்று பார்க்க வேண்டும். இன்னொருவர் போனிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து 'கில் ஸ்விட்ச்' கேட்டுக் கணக்கை முடக்குங்கள். பிறகு வேறு கருவியில் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்), மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டியிருப்பதால் செயலியின் பெயர், உரையாடல், பணம் போன எண் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படமெடுங்கள். அதன் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். செயலியை நீக்கினால் மட்டும் போதாது.

இத்தகைய செயலி கேட்பது 'அக்சஸிபிலிட்டி' அனுமதி. கண் பார்வை குறைந்தவர்களுக்காகச் செய்த வசதி அது. கொடுத்துவிட்டால் திரையில் வருவதை வாசிக்கும், உங்கள் விரலாகத் தானே தட்டும். பகலில் சும்மா இருந்துவிட்டு நள்ளிரவில் வேலையைக் காட்டுவதும் உண்டு. இப்படி ஊடுருவும் செயலிகளால் போன பணம், வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் பொறுப்பேற்கும் 2024 டிசம்பர் ஏற்பாட்டுக்குள் வராது. அது போலித் தள மோசடிகளுக்கானது. எனவே நேரத்தைக் கடத்தாதீர்கள்.

தோ பாயோ வாசகர்: மடிக்கணினி வாங்கி நாலு மாசம். திரை கோடு கோடா வருது. கடையில '7 நாள்தான் எக்ஸ்சேஞ்ச், இனி நீங்க கம்பெனியப் பாருங்க' என்கிறாங்க.

பதில்: கடை சொல்வதோடு கதை முடியவில்லை. 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' என்று ஒன்று நடப்பில் இருக்கிறது. வாங்கி 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கடையினுடையது. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும். அது நியாயமான காலத்தில் நடக்கவில்லை என்றால் விலைக் குறைப்பு அல்லது பணம். நேரடியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்பதுதான் பலர் செய்யும் தவறு.

திரையைக் காணொளி எடுங்கள். ரசீதோடு எழுத்தில் அனுப்பி 14 நாள் தவணை கொடுங்கள். அந்த 14 நாள் நானாகச் சொல்வது, சட்டத்தில் இல்லை. அசையவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம், அடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம், விடவும் மாட்டார்கள். கீழே போட்டு உடைத்ததற்கு இதெல்லாம் செல்லாது. தனிநபரிடம் இணையத்தில் வாங்கிய பழைய பொருளுக்கு லெமன் சட்டம் செல்லாது.

புக்கிட் பாஞ்சாங் வாசகி: ஆன்லைன்ல போன் கவர் 30 வெள்ளி, கட்டும்போது 32.70. ஏமாத்தா?

பதில்: 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 2023 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்குள்ளான பொருளுக்கும், விற்பவர் இங்கே பதிவுபெற்றிருந்தால் உண்டு.

சிராங்கூன் வாசகர்: ஆண்ட்ராய்டு பெட்டி, எல்லாத் தமிழ்ச் சேனலும் வருது, ஒருமுறை காசு கட்டினா போதும் என்கிறார் நண்பர்.

பதில்: அனுமதியில்லாத ஒளிபரப்பைக் காட்டும் பெட்டிகளை விற்பதற்கு 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் தடை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். யார் எழுதினார் என்று தெரியாத மென்பொருள், பாதுகாப்புப் புதுப்பிப்பே வராத பெட்டி, வங்கிச் செயலி ஓடும் அதே வைஃபையில் 24 மணி நேரமும் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் விருந்தினர் வைஃபைக்குத் தள்ளுங்கள். வாங்கவில்லையென்றால் வேண்டாம்.

கோயில் தொண்டர் குழுவிலிருந்து: 180 பேருக்குத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினோம். 540-க்குக் காசு பிடித்திருக்கிறார்கள். பிழையா?

பதில்: கணக்கு சரி. ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் அளவு 70 ஆகிவிடும். நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. தவிர, எஸ்எம்எஸ் எண்ணுவது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல. 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. அதற்கு 7, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும், கால், கொம்பு போன்ற துணைக்குறியும் தனி. 'கொழுக்கட்டை' நமக்கு 6, அதற்கு 11. உங்கள் அறிவிப்பு 134-ஐத் தாண்டியிருக்கும், ஆகவே 3 துண்டு, 180 பேர், 540.

'ஞாயிறு காலை 9 மணி, கூட்டம். வரவும்.' என்பது 35. ஒரே துண்டில் அடங்கும், இடமும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் அனுப்பினால் தப்பிக்கலாம் என்றால், அதில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாலும் 70-தான்.

எண்ணுக்குப் பதிலாகக் கோயில் பெயரில் அனுப்புவதாக இருந்தால், அந்தப் பெயரை அனுப்புநர் பதிவேட்டில் பதிய வேண்டும். பதியாத பெயரில் அனுப்பினால் 2023 ஜனவரி 31 முதல் 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரையோடுதான் போய்ச் சேரும், கும்பாபிஷேக அழைப்பாக இருந்தாலும். 180 பேர்தானே, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். அடுத்த பூசையன்று பிரசாத வரிசைக்குப் பக்கத்தில் எண்ணை அச்சடித்து ஒட்டிவையுங்கள்.