பதில்: வேலை போனவன் பாக்கியவான் ஆக முடியுமா?

பிரதர், பைபிளில் தேவனைப் பாடும் பாட்டுகளான சங்கீதங்களில் முதலாவது, சங்கீதம் 1-ல், பாக்கியவான் (தேவனுடைய ஆசீர்வாதம் பெற்றவன்) 'செய்வதெல்லாம் வாய்க்கும்' என்று வாசிக்கும்போது, வேலையும் போய் கடனும் ஏறி நிற்கிற நான் பாக்கியவான் கிடையாதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு சங்கீதத்தோடு நிறுத்திவிட்டால் அப்படித்தான் தோன்றும். இரண்டு பக்கம் தள்ளுங்கள், 3-ஆம் சங்கீதத்திலேயே தாவீது ராஜா தான் பெற்ற மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்வது 84-ஆம் சங்கீதம். அதில் பாக்கியவான் என்பது மூன்று இடத்தில் வருகிறது, ஒன்றில்கூட பணமோ வேலையோ பேச்சில்லை; தேவனுடைய வீட்டில் தங்கியிருக்கிறவன், அவரிடம் பெலன் வாங்கி அழுகையின் பள்ளத்தாக்கைக் கடந்து போகிறவன், அவரை நம்புகிறவன், இவ்வளவுதான். பலிபீடத்துப் பக்கம் கூடு கட்டிய குருவியைப் பார்த்து ஏங்குகிற ஆள் பாடியது அது, சொகுசாக உட்கார்ந்து பாடியதில்லை.

அப்புறம் 73-ஆம் சங்கீதம். துன்மார்க்கன் கொழுத்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், நான் சுத்தமாக வாழ்ந்ததே வீண் என்று அதைப் பாடிய ஆசாப் வெளிப்படையாகப் புலம்புகிறார், அதையும் ஆராதனைப் பாட்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். வேலை போனது சாபம் என்று சபையில் யாராவது சொன்னால் இந்த இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள்.