அலாரத்தை அடித்துக் காட்டச் சொன்னீர்களா?

குழாயிலேயே பொருத்திவிட்டால் பிஎச் (அமில-காரத் தன்மை), டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), குளோரின் ஆகியவற்றை நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கும் ஆன்லைன் மானிட்டர்கள் ஓஎம்ஆர் அடுக்குமாடிகள் முதல் அம்பத்தூர் தொழிற்கூடங்கள் வரை வந்துவிட்டன. அவை பற்றிய கடிதங்களும் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 140 வீடுகள். போர் தண்ணீர், லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். மானிட்டர் மாட்டிய நாளிலிருந்து டிடிஎஸ் அலாரம் ராத்திரி பகல் பாராமல் அடிப்பதும் நிற்பதுமாக இருக்கிறது. வாட்ச்மேன் பஸ்ஸர் ஒயரையே கழற்றிவிட்டார். விற்றவரோ, "ரொம்ப சென்சிட்டிவான மிஷின் சார்" என்கிறார். வேறு மிஷின் கேட்கலாமா? – சங்கச் செயலாளர், பெரும்பாக்கம்

பதில்: மிஷின் சரியாகத்தான் இருக்கும். அதை உங்கள் தண்ணீருக்கு ஏற்ப அமைத்துக் கொடுக்காமல் போனவரைத் திரும்ப வரவழையுங்கள்.

அலாரம் 500-இல் வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் ஏற்கத்தக்க டிடிஎஸ் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. கலப்புத் தண்ணீர் 498, 503, 499 என்று ஏறி இறங்கும்போது, 500-ஐத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், அலாரத்தை இயக்கும் மின் ஸ்விட்சான ரிலே விழுந்து எழும். இதைத் தடுக்கத்தான் மெனுவில் ஹிஸ்டெரிசிஸ் என்று ஒன்று இருக்கிறது. சில கம்பெனிகள் அதை டெட்பேண்ட் என்று எழுதியிருக்கும். அதில் 50 வைத்தால், 500-இல் அடித்த அலாரம் 450-க்குக் கீழே இறங்கினால்தான் ஓயும். பக்கத்திலேயே டிலே இருக்கும். அதில் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். லாரித் தண்ணீர் இறங்கும்போது வரும் சின்னக் கலக்கத்துக்கெல்லாம் வாட்ச்மேனை எழுப்பாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்கத்தானே? குடிக்க வீட்டுக்கு வீடு ஆர்ஓ இருக்கிறது என்றால் 500 என்ற எண் உங்களுக்கு எதற்கு? ஒரு வாரம் அலாரம் இல்லாமல் அளவை மட்டும் குறித்து வாருங்கள். வழக்கமாக 700-க்கும் 900-க்கும் நடுவில் இருக்கிறது என்று தெரிந்தால் 1100-இல் வையுங்கள். அப்போது அடித்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்: போர் உப்பாகியிருக்கலாம், லாரிக்காரர் வேறு இடத்தில் பிடித்திருக்கலாம். அந்த அலாரத்துக்கு எழுந்து போய்ப் பார்க்கலாம்.

குளோரின் இருந்தால் அதற்குக் கீழ் எல்லை அலாரம் வேண்டும். எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது அதே தரத்தில் உள்ள அளவு. ஆனால் குளோரின் சென்சார் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் நின்றால் அளவு தானாக இறங்கி, பொய்யாக அடிக்கும். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்ச் போட்டு, ஓட்டம் இல்லாத நேரத்தில் மானிட்டர் அளவைக் கணக்கில் எடுக்காத ஹோல்டு நிலைக்குப் போகும்படி இணைக்கச் சொல்லுங்கள். பாக்கித் தொகை ஏதாவது கையில் இருந்தால் இதெல்லாம் முடியும் வரை கொடுக்காதீர்கள்.

கேள்வி: மொட்டை மாடி டேங்க்கில் மீட்டர். காலையில் 520, மதியம் 600. வெயிலில் தண்ணீர் கெட்டுவிடுகிறதா? – கொளத்தூர் வாசகி

பதில்: கெடவில்லை, சூடாகிறது. மீட்டர் உண்மையில் அளப்பது கண்டக்டிவிட்டி, அதாவது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன்; டிடிஎஸ்ஸை அதிலிருந்துதான் கணக்கிடுகிறது. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் கண்டக்டிவிட்டி சுமார் 2 சதவீதம் கூடும். காலை 28 டிகிரி, மதியம் 36 என்றால் 520 என்பது 600-ஐத் தொட்டுவிடும். நல்ல மீட்டர் இதைத் தானே கழித்து 25 டிகிரிக்கு உரிய அளவைக் காட்டும். மெனுவில் வெப்பத் திருத்தம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி ஒன்றே இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. எனக்கு விற்ற ஒரு மீட்டரின் பெட்டியில் 'தானியங்கி வெப்பத் திருத்தம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள், உள்ளே அது இல்லை. கடையிலேயே சோதிக்கலாம். ஒரே தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றைக் கொஞ்சம் சூடாக்கி இரண்டையும் அளந்து பாருங்கள். எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: மானிட்டர் திரையில் டிடிஎஸ் 500. கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் 1250. சர்வீஸ் ஆள் வந்து சென்சார் போய்விட்டது என்று 38,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். – சிறு தொழிற்சாலை உரிமையாளர், அம்பத்தூர்

பதில்: அந்தச் சென்சாரை வாங்காதீர்கள். உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள். சென்சார் கெட்டிருந்தால் மானிட்டர் திரையிலேயே தப்பாகக் காட்டும். திரை சரி, கம்ப்யூட்டர் தப்பு என்றால் கோளாறு நடுவில் இருக்கிறது.

மானிட்டரிலிருந்து போவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம். 4 என்றால் ரேஞ்சின் அடி, 20 என்றால் உச்சி. மானிட்டரில் ரேஞ்ச் 0–2000 என்று இருந்தால் 500-க்கு 8 மில்லி ஆம்பியர் போகும். அதே 8-ஐ வாங்கிக் கம்ப்யூட்டருக்கு அளவாக மாற்றிக் கொடுக்கும் பிஎல்சி என்ற கருவியில் 0–5000 என்று வைத்திருந்தால் அது 1250 என்று படிக்கும். உங்கள் கணக்கு அச்சாக அதுதான். இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் போட்டால் தீர்ந்தது, செலவு எதுவும் இல்லை.

மெனுவில் அவுட்புட் டெஸ்ட் இருக்கும். அதில் 4, 12, 20 என்று மூன்று அளவை அனுப்பச் சொல்லி, கம்ப்யூட்டரில் 0, 1000, 2000 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மல்டிமீட்டரை அந்த லூப்பில் தொடராக வைத்து அளந்தால், தவறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்குக் கழிவுநீரை ஆன்லைனில் கண்காணிக்கச் சொல்லி உத்தரவிட்டது. அந்த மாதிரி இடத்தில் இந்த ஒரு எண் தப்பாக இருந்தால், செய்யாத குற்றத்துக்கு நோட்டீஸ் வாங்க வேண்டிவரும். கொட்டேஷன் கொடுத்தவரிடம், சென்சார் கெட்டது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: போனில் பார்க்கும் வைஃபை மீட்டர் வாங்கினேன். டிடிஎஸ் 60 காட்டுகிறது. இனி தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம்தானே? – வேளச்சேரி

பதில்: காய்ச்சுங்கள். டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது.

கேள்வி: டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆர்ஓ பிளான்ட்டின் கண்டக்டிவிட்டி மானிட்டருக்குப் போகும் எம்சிபி ட்ரிப் ஆகிவிட்டது. ஒரு ஷிஃப்ட் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. விற்றவரைக் கேட்டால், "மானிட்டருக்கே கரண்ட் இல்லைன்னா அலாரம் எப்படி சார் அடிக்கும்?" என்கிறார். – புரசைவாக்கம்

பதில்: அடிக்கும். அடிக்க வைக்க முடியும். தெரிந்தும் செய்யாமல் விட்டுவிட்டு இப்படிக் கேட்பவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மானிட்டரின் ரிலேயில் மூன்று முனைகள் உண்டு: பொது முனை, சாதாரண நிலையில் திறந்திருப்பது, சாதாரண நிலையில் மூடியிருப்பது. பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் நன்றாக இருக்கும்வரை ரிலே சும்மா இருக்கும், அளவு தாண்டினால் இழுக்கும், திறந்த முனை மூடி பஸ்ஸர் அடிக்கும். சுலபமான இணைப்பு. ஆனால் கரண்ட் போனால், ஃப்யூஸ் போனால், ஒயரை எலி கடித்தால் எதுவும் அடிக்காது. எல்லாம் நன்றாக இருக்கிறபோது உள்ள அமைதியும், எல்லாமே செத்துக் கிடக்கிறபோது உள்ள அமைதியும் ஒரே மாதிரி இருக்கும்.

இதைத் திருப்பிப் போடுவதுதான் ஃபெயில்-சேஃப். தண்ணீர் நன்றாக இருக்கும்வரை ரிலே இழுத்த நிலையில் நிற்கும். அளவு தாண்டினாலும் கைவிடும், கரண்ட் போனாலும் கைவிடும். பஸ்ஸரைச் சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையில் கொடுத்து, அதற்கு மட்டும் தனி பேட்டரி வைத்தால் எந்த வழியில் கெட்டாலும் சத்தம் வரும். பஸ்ஸருக்கும் அதே எம்சிபியிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டால் இத்தனையும் வீண். மெனுவில் ஒரு அமைப்பு, இரண்டு ஒயர் மாற்றம், சின்ன பேட்டரி: மொத்த வேலையே இவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். சென்சார் பழுதானால் 4–20 அவுட்புட் என்ன செய்ய வேண்டும் என்று மெனு கேட்கும். 'கடைசி அளவில் நில்' என்று பலர் வைத்துவிடுகிறார்கள், கம்ப்யூட்டரில் கோடு நேராக அழகாகப் போகும் என்பதற்காக. சென்சார் செத்தபிறகும் நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும் கோடு அது. பழுதானால் 3.6-க்கு இறங்கு, அல்லது 21-க்கு மேல் ஏறு என்று வையுங்கள். 4-க்குக் கீழே நல்ல அளவு எதுவும் கிடையாது என்பதால் கம்ப்யூட்டர் உடனே பழுது என்று புரிந்துகொள்ளும். ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும், அதுவும் தெரிந்துவிடும். அடி அளவை 0-இல் வைக்காமல் 4-இல் வைத்ததில் பெரிய வசதியே இதுதான்.

உங்கள் இடத்தில் நாற்காலியில் படுத்திருப்பவர்களின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடும் தண்ணீர் இது. அதனால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன்: கண்டக்டிவிட்டி மானிட்டர் குளோரினையும் குளோரமினையும் காட்டிக்கொடுக்காது. அவற்றைப் பிடிப்பது கார்பன் டேங்க். டயாலிசிஸ் தண்ணீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நோயாளியின் சிவப்பணுக்கள் சிதையும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் கார்பனுக்குப் பின்பக்கத் தண்ணீரைத் தனியாகச் சோதியுங்கள், மானிட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

அலாரத்தை மாதம் ஒரு தடவை, நோயாளிகள் இல்லாத நேரத்தில், எம்சிபியை நீங்களே இறக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் சரி. வராவிட்டால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியதே நல்ல காரியம்.

கேள்வி: டிடிஎஸ் கூடினால் மோட்டார் நிற்கட்டும் என்று மானிட்டர் ரிலேயிலேயே 1 எச்பி மோட்டாரைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் ரிலே ஒட்டிக்கொண்டது. வாரண்டி இல்லை என்கிறார்கள். – சோழிங்கநல்லூர்

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த ரிலே பெரும்பாலும் 5 ஆம்பியர் வகை, அதுவும் பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. 1 எச்பி மோட்டார் ஓடும்போதே ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. நடுவில் ஒரு கான்டாக்டர் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) வைக்க வேண்டும் என்று மானுவலின் வயரிங் பக்கத்தில் படமே போட்டிருப்பார்கள். அதைப் பிரிக்காமலேயே ஒயரை மாட்டிவிட்டு கம்பெனியைக் குறை சொல்வது நியாயமில்லை. ரிலே கார்டை மாற்றுங்கள், கான்டாக்டர் போடுங்கள்.

கேள்வி: பழைய மானிட்டர் பாதி விலைக்குக் கிடைத்தது. மெனுவுக்குள் போக பாஸ்வேர்டு கேட்கிறது, விற்றவர் போன் எடுப்பதில்லை. – குரோம்பேட்டை

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மெனுவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு சீரியல் எண்ணோடு எழுதுங்கள், சிலர் திறந்து கொடுப்பார்கள்.

கேள்வி: மாடியில் மண்ணில்லாத் தோட்டம் வைத்திருக்கிறேன். பிஎச் மானிட்டர் வாங்கி ஐந்தே மாதம், எலக்ட்ரோடு செத்துவிட்டது. ஒரு வருட வாரண்டி என்று பில்லில் இருக்கிறது. "எலக்ட்ரோடு தேய்மானப் பொருள்மா, அதுக்கு வாரண்டி வராது" என்று இப்போது சொல்கிறார். – மடிப்பாக்கம் வாசகி

பதில்: பிஎச் எலக்ட்ரோடு தேய்மானப் பொருள் என்பது உண்மை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓரிரு வருடம் உழைக்கும். காய விட்டால் சீக்கிரமே போய்விடும். ஆனால் வாரண்டியில் எலக்ட்ரோடு சேராது என்பதை விற்கும்போது, எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பில்லில் வெறுமனே ஒரு வருடம் என்று போட்டுவிட்டு இப்போது பின்வாங்குவதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

வந்தபோதே எலக்ட்ரோடு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? முனையில் இருக்கும் மூடிக்குள் திரவம் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு தடவை மூடி காய்ந்து, ஓரத்தில் உப்பு பூத்து ஒன்று வந்தது. உற்பத்தித் தேதி ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார்கள். பழைய சரக்கைப் புதுசு என்று தள்ளிவிட்டார்கள். பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்காரருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். தோட்டம் வீட்டுக்காக என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அலாரம் வந்தால் எஸ்எம்எஸ் வரும் என்று தனியாகக் காசு வாங்கினார்கள். நான்கு மாதமாக ஒன்றுகூட வரவில்லை. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? – பள்ளிக்கரணை

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். மோடத்துக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது யார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2ஜி மோடம் என்றால் 4ஜி மட்டும் தரும் சேவையின் சிம் அதில் வேலையே செய்யாது. அதையும் பாருங்கள். மெனுவில் பதிந்திருப்பது உங்கள் எண்ணா, மாட்டிக்கொடுத்தவருடையதா என்றும் பாருங்கள். பிறகு 1413 மைக்ரோசீமன்ஸ் சோதனைத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி, சென்சாரை அதில் முக்குங்கள். மேல் எல்லையைச் சோதனைக்காக, அப்போது திரையில் காட்டும் அளவுக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு, டிலே முடியும் வரை காத்திருங்கள். போன் ஒலித்ததும் எல்லையைப் பழையபடி மாற்றுங்கள். ஒலிக்காவிட்டால் வாங்கிய காசைத் திருப்பிக் கேளுங்கள்.