வீட்டுக் கோழிக்கு இயற்கைத் தீவனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 15 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். பொய்கைச் சந்தையில் வாங்கியவை. கடையில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்ட தீவன மூட்டையைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
வாசகி, காட்பாடி

பதில்: ‘ஆர்கானிக்’, ‘இயற்கை’, ‘மூலிகை’ என்று மூட்டையில் போட்டிருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. கடைக்காரரிடம் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். மத்திய அரசின் என்.பி.ஓ.பி. என்ற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டத்தின் கீழ் வழங்கிய சான்றாகவோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் பி.ஜி.எஸ். இந்தியா சான்றாகவோ இருக்க வேண்டும். பி.ஜி.எஸ். சான்றில் ‘கிரீன்’ என்று இருந்தால் நிலம் இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, ‘ஆர்கானிக்’ என்று இருந்தால் முழுமையாக மாறிவிட்டது என்று பொருள். தேதி காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். முக்கியமாக, நீங்கள் வாங்கும் பொருளின் பெயர் அந்தச் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள். நெல்லுக்கு வாங்கிய சான்று கோழித் தீவனத்துக்குச் செல்லாது.

அடுத்து, மூட்டையில் சேர்மானங்களைப் படியுங்கள். ‘டி-ஆயில்டு’ தவிடு, சால்வென்ட் முறையில் எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கு இரண்டும் ஹெக்சேன் என்ற ரசாயனக் கரைப்பானைக் கொண்டு எடுப்பவை. ‘டி.எல். மெத்தியோனைன்’ ஆலையில் செய்த அமினோ அமிலம். இவை கோழிக்கு நஞ்சல்ல, ஆனால் ‘ஆர்கானிக்’ தரத்தில் இவற்றுக்கு இடமில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு இருந்தால் அந்த மூட்டையை வைத்துவிட்டு வாருங்கள். நம் நாட்டுப் பருத்தி ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றிய பி.டி. ரகம்தான். அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் முட்டையின் கருவையும் நிறம் மாற்றிவிடும்.

மாதக்கணக்கில் குடோனில் கிடந்த சான்று பெற்ற தீவனத்தைவிட, சான்றே இல்லாத பக்கத்து ஊர் விவசாயியின் புதுக் கம்பு கோழிக்கு நல்லது. எங்கே விளைந்தது, என்ன மருந்து அடித்தார்கள், எப்போது அரைத்தது, இந்த மூன்றுக்கும் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: தீவனத்தை நாமே கலந்துகொள்ள முடியுமா? என்னென்ன, எவ்வளவு?
வாசகர், அணைக்கட்டு

பதில்: முடியும். பத்துப் பதினைந்து கோழிக்கு அதுதான் கட்டுப்படியாகும். முட்டையிடும் கோழிக்கு 10 கிலோ கலக்க:

கம்பு 3.4 கிலோ, மக்காச்சோளம் 2 கிலோ (இரண்டையும் குருணையாக உடைத்தது), அரிசித் தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.2 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 800 கிராம், உப்பிடாத கருவாட்டுத் தூள் 500 கிராம், நிழலில் உலர்த்திய முருங்கை இலைத் தூள் 300 கிராம், கிளிஞ்சல் தூள் 800 கிராம், உப்பு 30 கிராம். இதில் புரதம் 17 முதல் 18 சதவீதம், சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும்.

கடலைப் புண்ணாக்கை மட்டும் கூட்டிப் புரதத்தை எட்டப் பார்க்காதீர்கள். புரதத்தில் இருக்க வேண்டிய மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. எள்ளில் அது நிறைய உண்டு, ஆனால் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையைக் கருவாடு ஈடுகட்டும். கருவாடு வேண்டாம் என்பவர்கள் அந்த அளவுக்கு வறுத்து உடைத்த கொள்ளு சேர்க்கலாம். புரதம் கொஞ்சம் இறங்கும், முட்டையும் சற்றுக் குறையும். சமையலுக்கு விற்கும் உப்புக் கருவாடு ஆகவே ஆகாது. கோழி தண்ணீராகக் கழியும், அளவு மிஞ்சினால் செத்தும் போகும்.

மக்காச்சோளம் வாங்கும்போது மட்டும் மருந்து பற்றித் துருவிக் கேளுங்கள். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து அந்தப் பயிருக்கு மருந்தடிப்பு அதிகமாகிவிட்டது. மருந்தடிக்காதது கிடைக்கவில்லையென்றால் அந்த 2 கிலோவுக்கும் கம்போ சோளமோ போடுங்கள். ஜவ்வாது மலைச் சாமையைப் பெரும்பாலும் மானாவாரியாக, மருந்தில்லாமல்தான் விளைவிக்கிறார்கள். அரைக்கும் இடத்தில் விழும் சாமைக் குருணை அருமையான தீனி.

தவிட்டில் உமி கலந்திருக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் உமி மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆலையில் புதிதாக வாங்கிய தவிட்டை பத்து நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அதிலுள்ள எண்ணெய் சீக்கிரம் காறிவிடும்.

அடைத்தே வளர்த்தால் ஒரு கோழிக்கு நாளுக்கு 80 முதல் 100 கிராம் தீவனம் வேண்டும். மேய விட்டால் 40 முதல் 50 கிராம் போதும். மேயும் 15 கோழிகளுக்கு இந்த 10 கிலோ இரண்டு வாரம் வரும். அதற்கு மேல் கலந்து வைக்க வேண்டாம். கத்தரி வெயிலில் பகல் முழுக்க அவை கொத்தாது. விடிந்ததும் பாதி, வெயில் தாழ்ந்ததும் பாதி வையுங்கள்.

கேள்வி: உள்ளூர்ச் செக்கில் வாங்கிய கடலைப் புண்ணாக்குதான் போடுகிறோம். ஐப்பசிக்குப் பிறகு முட்டை குறைந்துவிட்டது, கொண்டை வெளுத்திருக்கிறது, குஞ்சுகள் தேறவில்லை. தடுப்பூசி போட்டும் வெள்ளைக் கழிச்சல் வந்தது. புண்ணாக்கில் கோளாறா?
வாசகர், கே.வி. குப்பம்

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நம் பக்கம் ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலையை வடகிழக்கு மழை பிடிக்கும் நேரத்தில்தான் பிடுங்குகிறோம். செடியோடு அம்பாரம் போட்டு, சரியாகக் காயாத காயில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் பிடிக்கும். அது சுரக்கும் ஆஃப்ளாடாக்சின் நஞ்சு, செக்கில் ஆட்டும்போது எண்ணெயில் அதிகம் போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அது ஈரலைக் கெடுத்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும். தடுப்பூசி போட்டும் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி மஞ்சளாக இருக்கும். வேறு நோய்களும் இப்படிக் காட்டும் என்பதால், ஒரு கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போதே அந்தப் புண்ணாக்கை நிறுத்துங்கள். காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் இறங்கும். குப்பைக்குழியில் போட்டு மூடுங்கள்.

இனி வாங்கும்போது வில்லையை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். முறிந்த இடம் ஒரே வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். சாம்பலோ பச்சையோ பூத்த பொடி, நூல் நூலாகப் படலம், மக்கிய மண் வாடை, காறல் வாடை, இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். ஆனால் பார்வைக்குச் சுத்தமாக இருப்பதிலும் நஞ்சு இருக்கலாம். ஆகவே செக்குக்காரரிடம் கடலை எந்தப் பட்டத்தது என்று கேளுங்கள். கோடையில் பிடுங்கி வெயிலில் நன்றாகக் காய்ந்த கடலையின் புண்ணாக்கே பாதுகாப்பு. மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்து, எள்ளையும் கொள்ளையும் கூட்டுங்கள்.

தானியத்தில் ஈரம் பார்க்க எளிய வழி உண்டு. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி தானியமும் ஒரு ஸ்பூன் நன்கு காய்ந்த தூள் உப்பும் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் அதிகம், இன்னும் காய வேண்டும்.

மொத்தமாக வாங்குபவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் சோதித்துக்கொள்ளலாம். நஞ்சு மூட்டை முழுக்க ஒரே சீராக இருக்காது. பல இடங்களில் எடுத்துக் கலந்து அரை கிலோ அனுப்புங்கள். கோழித் தீவனத்தில் ஆஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் அசோலா என்ற நீர்ப்பாசி இருந்தால் புண்ணாக்கே வேண்டாம் என்கிறார்களே?
வாசகி, ஆம்பூர்

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பச்சை அசோலாவில் சுமார் 940 கிராம் வெறும் தண்ணீர். மிஞ்சும் 60 கிராமில் புரதம் 15 கிராம் போல. 35 கிராம் கடலைப் புண்ணாக்கே அதைத் தந்துவிடும். கீரையாகக் கொடுங்கள், கருவின் நிறம் நன்றாக வரும். புண்ணாக்கின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. வெயிலில் நிழல்வலை இல்லாவிட்டால் அழுகிவிடும். உங்கள் பகுதியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அசோலா தண்ணீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்த கிணற்று நீரை அந்தத் தொட்டிக்கு விடாதீர்கள். மழைநீர் நல்லது.

அகத்திக்கீரை ஆட்டுக்கு நல்லதே தவிர கோழிக்கு ஆகாது. குஞ்சுகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: விதைத்து மீந்த மக்காச்சோளம், ரோஸ் நிறத்தில் இருக்கிறது. கழுவிப் போடலாமா?
வாசகர், ஒடுகத்தூர்

பதில்: கூடாது. அது பூஞ்சணக் கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்தது. கழுவினாலும் போகாது. திரம் என்ற பூஞ்சணக் கொல்லி கலந்திருந்தால் கோழிக்குக் கால் கோணும், முட்டை தோல்முட்டையாக விழும்.

கேள்வி: தாயும் குஞ்சும் ஒன்றாகவே மேய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் வைக்கலாமா?
வாசகி, குடியாத்தம்

பதில்: மேலே சொன்ன கலவையில் கிளிஞ்சல் தூளை மட்டும் விட்டுவிட்டு, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழிக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்கே தெரியும். குஞ்சுக்கு 1 சதவீதச் சுண்ணாம்பே போதும், 3 சதவீதம் தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெடும். எட்டு வாரம் வரை குஞ்சுக்குப் புரதம் 20 சதவீதம் வேண்டும். ஒரு கூடையைக் கவிழ்த்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விட்டு, கருவாட்டுத் தூளும் எள்ளுப் புண்ணாக்கும் கூடுதலாகப் போட்ட கலவையை உள்ளே வைத்துவிடுங்கள். பழைய தீவனத்திலிருந்து மாற்றும்போது முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, அடுத்த இரண்டு நாள் முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் வரும், தீனியையும் ஒதுக்கிவிடும்.