வாசகர் கேள்வி பதில்: மணிய் வண்ணக்கன் கல்லில் கோத்த எழுத்து

சென்னிமலை வாசகர் ஒருவர்: எங்கள் காடு கொடுமணலுக்குப் பக்கத்தில், நொய்யல் கரையோரம் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் உழவுசாலில் சிவப்புக் கல்மணிகளும் கீறல் விழுந்த பானை ஓடுகளும் கிடக்கின்றன. அங்குள்ள கல்வட்டங்களை (பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி நட்ட கற்கள்) 'பாண்டுகுழி' என்பார் என் அப்பாரு. இவற்றுக்கு மதிப்பு ஏதேனும் உண்டா?

உண்டு, தாங்கள் நினைப்பதைவிடப் பெரிய மதிப்பு. கொடுமணலைப் பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று இரண்டு இடங்களில் குறிப்பிட்டு, அங்கே செய்யப்பட்ட அணிகலன்களின் வேலைப்பாட்டைப் புகழ்கிறது. 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், துளையிட்ட மணி, துளையிடாத மணி, உடைத்துப் போட்ட சில்லு என்று ஒரு மணிப்பட்டறையின் எல்லாக் கட்டங்களும் கிடைத்திருக்கின்றன. தங்கள் உழவுசாலில் வரும் சிவப்பு மணி சூதுபவளமாக இருக்கலாம்.

ஆனால், நான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுவது அந்தக் கீறல் விழுந்த ஓடுகளைத்தான். சுட்ட பானையின் தோளில் கூர்மையான ஆணியால் தமிழி (தமிழ்-பிராமி) என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் கொடுமணலில் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன், விசாகி என்று அவற்றில் உள்ள பெயர்களைப் படிக்கும்போது, தம் பானை அடுத்தவர் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று பெயரெழுதி வைத்த குடியானவரையும் தொழிலாளியையும் நேரில் பார்ப்பது போலிருக்கிறது. பானைக்குப் பெயரெழுதும் அளவுக்கு எழுத்து இந்த ஊரில் புழங்கியிருக்கிறது.

அதனால் அவற்றைப் பொறுக்கி வீட்டில் சேர்க்காதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் ஓட்டின் சாட்சியம் பாதி போய்விடும். மண்ணுக்குள் புதைந்த விலைமதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

பல்லடம் வாசகி ஒருவர்: கடலே இல்லாத நம் பக்கத்தில் ரோமானியக் காசு கிடைத்தது என்பது கட்டுக்கதை என்கிறார்களே?

கட்டுக்கதை அன்று. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஒரே இடத்தில் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் முகம் பொறித்தவை. ஊத்துக்குளிப் பக்கத்துக் கத்தாங்கண்ணியிலும், கரூரின் அமராவதி ஆற்றுப் படுகையிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்பதால், கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு மலையேறாமலே கொங்குக்குள் வர முடிந்தது. இங்கிருந்து போனவற்றில் காங்கயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல்லும் ஒன்று. இவ்வகைக் கல் இந்தியாவில் விளைகிறது, பிற நாடுகளில் அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். படியூரில் 1819-20இல் ஆங்கிலேயர்களும் சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார்கள்.

கரூர் வாசகர் ஒருவர்: சங்கப் பாடல்களில் வரும் சேர மன்னர்களுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டா?

உங்கள் மாவட்டத்திலேயே உண்டு. வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையில், கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையும் பெயரோடு வெட்டப்பட்டுள்ளது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குக் கற்படுக்கை செய்து கொடுத்த செய்தி அது. அதே மலையில் கரூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவர் பெயரும் இருக்கிறது.

ஈரோட்டில் பரதம் கற்பிக்கும் வாசகி ஒருவர்: அறச்சலூரில் நடனக் கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது?

ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் சாலையில் உள்ள அறச்சலூரின் நாகமலைக் குகையில் அது இருக்கிறது. புலவர் செ. இராசு கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். காலத்தை கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறு கணிக்கிறார்கள். வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் ஆடற் சொற்கட்டுகள் கட்டம் போல் வெட்டப்பட்டுள்ளன:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து கீழே வந்தாலும் கீழிருந்து மேலே போனாலும் ஒரே ஓசைதான் வரும்.

எழுத்தைக் கோத்தவர் தம்மையும் குறித்திருக்கிறார்: 'மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்'. வண்ணக்கன் என்றால் காசையும் மணியையும் நோட்டம் பார்ப்பவர். மேலே சொன்ன கல்லும் காசும் புழங்கிய சந்தையில், குறை உண்டா இல்லையா என்று உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சொந்தக்காரர். அந்தப் பழக்கத்தால்தான் எழுத்திலும் ஒரு குறை விழாமல் கோக்க முடிந்ததோ என்று எனக்குப் படுகிறது.

மாணவியரைக் கூட்டிப் போய்க் குகைக்குள்ளேயே ஒரு முறை ஜதியாகச் சொல்ல வையுங்கள். எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியால் தீட்டிப் படிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.