பாறையின் வயது, உயிரின் தொடக்கம்: உங்கள் கேள்விகள்

பூமிக்கு 454 கோடி வயது என்று மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. “அதை யார் பார்த்தது?” என்கிறாள். என்ன சொல்வது சார்?

நிலவியலே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பாராட்டினேன் என்று சொல்லுங்கள். யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாகும். யுரேனியம்-238இல் பாதி அப்படி மாற சுமார் 447 கோடி ஆண்டு பிடிக்கும், அந்த வேகம் மாறாது. சிர்கான் என்ற படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்ட விடாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் பின்னால் விளைந்தது. எவ்வளவு விளைந்தது, யுரேனியம் எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் துணுக்கின் வயது 440 கோடி. ரவை அளவுதான் இருக்கும்.

பூமியின் முதல் பாறைகள் உருகி அழிந்துவிட்டதால், அதன் முழு வயதை, பூமி உருவான காலத்திலேயே உருவான விண்கற்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. 1956இல் அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் சொன்ன விடை 455 கோடி. ஆய்வகத் தூசியில் இருந்த ஈயமே அவர் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று துருவிப் போனவர், பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஸ்டான்லி மில்லர் குடுவையில் உயிரை உண்டாக்கினாராமே?

இல்லை. 1953இல் அவர் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் கலவையில் மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்ச்சினார். சில நாளில் தண்ணீர் சிவந்தது, அதில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள், அதாவது உயிர்களின் புரதத்தைக் கட்டும் செங்கற்கள், இருந்தன. அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம்.

நான் சேலம். கஞ்சமலைக் கல்லில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். அதற்கும் உயிருக்கும் சம்பந்தம் உண்டா?

கறுப்புக் கோட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள் அண்ணா, ஒட்டும். அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது, வெள்ளை குவார்ட்ஸ். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, அப்புறம் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய இரும்பு. அன்றைய கடல்நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. ஆக்சிஜன் பட்டால் அது துருவாகி அடியில் இறங்கிவிடும். அந்த ஆக்சிஜனைக் கொடுத்தது நீலப்பச்சைப் பாசி. ஆக்சிஜன் இல்லாமலே இரும்பைப் படியவைக்கும் நுண்ணுயிர்களும் உண்டு, எனவே எல்லாக் கோட்டுக்கும் பாசிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். காற்றில் ஆக்சிஜன் தங்க ஆரம்பித்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அந்தப் பாசியை இன்று பார்க்க முடியுமா?

முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில், கடலைப்போல் இரு மடங்கு உப்புக் கரிக்கும் ஆழமற்ற நீரில், பாசி மண்ணைப் பிடித்து ஏடு ஏடாகக் கட்டிய மேடுகள் இருக்கின்றன. பெயர் ஸ்ட்ரோமடோலைட். அதே மாநிலத்தின் பில்பாராவில் இப்படிப்பட்ட மேடுகள் 348 கோடி ஆண்டுப் பாறையிலேயே பதிந்திருக்கின்றன. வளர்ச்சி ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டிகள் ஷார்க் பே மேடுகள்மேல் ஏறிப்போன சக்கரத் தடம் இன்னும் மூடவில்லை.