ரியல் எஸ்டேட் எம்.பி.ஏ. படிக்க வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மார்த்தாண்டத்தில் மனைப்பிரிவு போடும் ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தள மேற்பார்வையும் எஸ்டிமேட் வேலையும் பார்த்து வருகிறேன். வட இந்தியக் கல்லூரி ஒன்றில் ரியல் எஸ்டேட் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 12 லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது. வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கொடுக்க அப்பா சம்மதித்துவிட்டார். படித்து முடித்ததும் ஊருக்கே திரும்பி, தமிழக-கேரள எல்லையின் இருபுறமும் சொத்து மதிப்பீடு செய்யும் தொழிலைத் தொடங்க விரும்புகிறேன். இந்தப் படிப்பு எனக்குப் பயன்படுமா?
- வாசகி, களியக்காவிளை.

பதில்: சகோதரி, ஊருக்குத் திரும்பி மதிப்பீட்டாளராகத் தொழில் செய்வதுதான் உங்கள் நோக்கம் என்றால், இந்தப் படிப்புக்காக அப்பாவின் வீட்டை ஈடு வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கம்பெனிச் சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி, நிலம் மற்றும் கட்டடப் பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராவதற்கு, சிவில் இன்ஜினியரிங் பட்டமும் அதன்பின் அத்துறையில் ஐந்து ஆண்டு அனுபவமும் போதும். அதனுடன், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, 50 மணி நேரப் பயிற்சியை முடித்து, உரிய தேர்விலும் தேற வேண்டும். அத்துறையிலேயே முதுகலை முடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டு என்பது மூன்றாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் படிப்பு முடிந்த பிறகே எண்ணப்படும். நீங்கள் இரண்டு ஆண்டுகளை ஏற்கெனவே கடந்துவிட்டதால், இப்படியே வேலையில் தொடர்ந்தால் இன்னும் மூன்றே ஆண்டுகளில் தகுதி பெறுவீர்கள். படிக்கப் போனால், படிப்புக்கு இரண்டும் அதன்பின் மூன்றுமாக ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவும் பொதுவான ரியல் எஸ்டேட் எம்.பி.ஏ. இந்தச் சலுகைக்குப் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். மதிப்பீட்டையே முதன்மைப் பாடமாகக் கொண்ட இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பையே விதி குறிப்பிடுகிறது. குஜராத்தில் வல்லப் வித்யாநகரிலுள்ள சர்தார் படேல் பல்கலைக்கழகம் அத்தகைய படிப்புக்குப் பெயர் பெற்றது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால், மாதத் தவணை ஏறத்தாழ 15,900 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டி இதற்கு மேல். தொழில் தொடங்கும் முதல் சில ஆண்டுகளில் மாதந்தோறும் இத்தொகையை எடுத்து வைப்பது எளிதன்று.

இனி, உங்கள் ஊர் வேலைக்கு எது உண்மையில் தேவை என்பதைச் சொல்கிறேன். விளவங்கோடு, கல்குளம் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை, மலையாளம் வழங்கிய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தவை. ஆகவே மூல ஆவணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்ட பத்திரம் கைக்கு வரும். அதில் 1120 மகரம் என்றிருந்தால், அது 1945 ஜனவரி நடுவில் தொடங்கும் மாதம் என்று பார்த்தவுடன் கணக்கிடத் தெரிய வேண்டும். எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் போனால் பட்டா, சிட்டாவுக்குப் பதிலாக, நில உரிமையாளரின் வரிக் கணக்கு எண்ணான தண்டப்பேர் எண்ணும், போக்குவரவு எனப்படும் பெயர் மாற்றம் நடந்ததா என்பதும், வில்லேஜ் ஆபீஸில் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதும் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே தாழ்வான ஒரு துண்டு நிலத்தை மதிப்பிடும்போது, 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரான, கட்டடம் கட்டக் கட்டுப்பாடுள்ள நிலங்களின் தரவுப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுமனை விலை போட்டால், அந்த அறிக்கையை நம்பிக் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே நட்டப்படுவார்கள். கேரளத்தில் முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் பொதுவாக அவை 7-உம் 2-உம். இவற்றை எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் கற்றுத்தர மாட்டார்கள். ஓய்வுபெற்ற சர்வேயரிடமும், பத்திர எழுத்தரிடமும், மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடமும் பொறுமையாக உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

அந்தப் படிப்பே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூரிலோ மும்பையிலோ பெரிய கட்டுமான நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவிலும், அலுவலகக் கட்டடங்களை வாங்கி விற்கும் நிதியங்களிலும், பன்னாட்டு ஆலோசனை நிறுவனங்களிலும் சேர விரும்புகிறவருக்கு அது நல்ல கதவு. வளாகத் தேர்வு இல்லாமல் அங்கே நுழைவது கடினம். உங்கள் மனம் அந்தப் பக்கம் திரும்பினால், கடந்த இரண்டு ஆண்டுகளில் படித்து வெளியேறிய மாணவர்கள் எங்கே, என்ன பணியில் இருக்கிறார்கள் என்று கல்லூரியைக் கேட்பதோடு நிற்காமல், அவர்களில் சிலரிடம் நீங்களே பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைக்கு உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்திடம் பணி அனுபவச் சான்று கேட்டு வாங்குங்கள். அதில் தள மேற்பார்வை, அளவீடு, எஸ்டிமேட் என்று நீங்கள் பார்த்த பொறியியல் பணிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே அலுவலகப் பணியாளர் என்று மட்டும் இருந்தால், அந்த இரண்டு ஆண்டுகளைப் பின்னாளில் கணக்கில் காட்டுவது சிரமமாகிவிடும்.