அலுவலகக் கட்டடத்துக்கு ஆப் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

சென்னையில் அலுவலகக் கட்டடங்களின் பராமரிப்பு மேலாளராக 22 ஆண்டுகள் இருந்தேன். இப்போது கட்டட உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். எந்த மென்பொருள் கம்பெனியிடமும் கமிஷன் வாங்குவதில்லை. கட்டட நிர்வாகத்துக்கான மென்பொருள், வாடகைதாரர்களுக்கான ஆப் இவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இங்கே.

கேள்வி: கோவை அவிநாசி சாலையில் எங்களுக்கு 6 மாடிக் கட்டடம் இருக்கிறது, 70,000 சதுர அடி. 14 கம்பெனிகள் வாடகைக்கு இருக்கின்றன. எல்லாமே எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடுகிறது. மென்பொருள் வாங்கலாம் என்கிறான் மகன். ஒரு நிறுவனம் சதுர அடிக்கு மாதம் 50 பைசா கேட்கிறது. இன்னொன்று ஒரு பயனருக்கு மாதம் 40 ரூபாய் என்கிறது. எது லாபம்?

பதில்: முதலில் கணக்கு. சதுர அடிக் கணக்கில் மாதம் 35,000 ரூபாய், வருடத்துக்கு 4,20,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,95,600. வாடகைக்கு நீங்கள் ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டுகிறவர் என்றால் அந்த வரியை, நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பயனர் கணக்கில், 14 கம்பெனிகளிலும் சேர்ந்து 700 பேர் என்று வைத்தால் மாதம் 28,000. 875 பேர் ஆகும்போது இரண்டும் சமம். அதற்கு மேல் போனால் சதுர அடிக் கணக்கு மலிவு.

ஆனால் ஒரு மாடி காலியானால் என்ன ஆகும் என்று பாருங்கள். பயனர் கணக்கில் ஆள் குறைந்தால் பணமும் குறையும். சதுர அடிக் கணக்கில் காலி இடத்துக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள். "காலியாக இருக்கும் பரப்பைக் கழிப்பீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பயனர் கணக்கில் விலை சொன்னவரிடம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், வந்து போகும் விருந்தினர் எல்லாம் 'பயனர்' கணக்கில் வருவார்களா என்று கேளுங்கள். முதல் பில் வந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

இதெல்லாம் விலை பற்றியது. உங்களுக்கு இப்போது இது தேவையா என்று என்னைக் கேட்டால், இந்த வருடம் வேண்டாம் என்பேன். ரிசப்ஷனில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். 30 நாளைக்கு வரும் ஒவ்வொரு புகாரையும், வந்த நேரம், வேலை முடிந்த நேரம், யார் சரிசெய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதையும் அதிலேயே எழுத வேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் படித்தாலே உங்கள் கட்டடத்தின் நோய் எது என்று தெரிந்துவிடும். மூன்றாம் மாடி கழிப்பறையில் தண்ணீர் வராதது 19 முறை எழுதியிருந்தால் உங்களுக்கு வேண்டியவர் பிளம்பர். புகார் வந்ததே எலக்ட்ரீஷியனுக்குப் போய்ச் சேராமல் நாள் கடந்திருந்தால்தான் மென்பொருளுக்கு வேலை.

அதற்கும் உடனே பெரிய பேக்கேஜ் வேண்டியதில்லை. கூகுள் ஃபார்ம் ஒன்றோ, ஜோஹோ கிரியேட்டரில் உங்கள் மகன் செய்து தரும் சின்ன ஆப் ஒன்றோ ஆறு மாதத்துக்குப் போதும். அப்புறம் வாங்கும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள். புகார் பதிவும் பில்லிங்கும் முதலில் வாங்குங்கள். மீட்டிங் ரூம் புக்கிங், அறிவிப்புப் பலகை, சலுகைக் கூப்பன் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கட்டடத்தில் பராமரிப்பு மேலாளராக இருக்கிறேன். போன வருடம் வாடகைதாரர்களுக்கென்று ஆப் வாங்கினோம். 900 பேர் வேலை செய்யும் கட்டடத்தில் 60 பேர்கூட அதைத் திறப்பதில்லை. 'என்கேஜ்மென்ட்' குறைவு என்று நிர்வாகம் என்னைக் கேட்கிறது. என்ன செய்வது சார்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது. நிர்வாகம் கேட்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

ஒரு ஊழியருக்கு அந்த ஆப்பைத் திறக்கக் காரணம் என்ன இருக்கிறது? ஏசி குளிராக இருந்தால் அவர் தன் கம்பெனி அட்மினிடம் சொல்வார். அட்மின் உங்களுக்கு போன் செய்வார். நீங்கள் ஆளை அனுப்புவீர்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதைவிட வேகமாக எதையும் செய்து தராத ஆப்பை யாரும் திறக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் பார்த்த கட்டடங்களில் ஆப் பிழைத்தது இரண்டு வழியில்தான். முதலாவது, தொழில்நுட்ப ஆட்களின் கைக்குப் போனது. லிஃப்ட் பார்ப்பவர், எலக்ட்ரீஷியன், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் இவர்கள் போனில் அது தமிழில் ஓட வேண்டும். ஆங்கிலத்தில் ஏழு கட்டம் நிரப்பச் சொன்னால் அவர்கள் சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் 'முடிந்தது' என்று அழுத்திவிடுவார்கள். அறிக்கை அழகாக இருக்கும், குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு போட்டோ, ஒரு குரல் பதிவு, ஒரு பொத்தான் இருந்தால் போதும். 'முடிந்தது' என்று மூடும் உரிமையும் புகார் சொன்னவரிடம் இருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மென்பொருளில் இது ஒரு செட்டிங்தான்.

இரண்டாவது வழி, ஆப் இல்லாமலே புகார் தர விட்டது. கழிப்பறைக் கதவிலும் பேன்ட்ரியிலும் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் எந்த மாடி, எந்த அறை என்பது தானாக வந்துவிடும். டவுன்லோடு, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம்.

இன்னொன்றை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். 900 பேரில் குத்தகையைப் புதுப்பிக்கலாமா என்று முடிவெடுப்பது ஏழெட்டு அட்மின்களும் அவர்களுடைய நிதிப் பிரிவும். அவர்களுக்கு வேண்டியது மாதா மாதம் தேதி தவறாமல் வரும், புரிகிற பில். அப்புறம் தங்கள் கம்பெனியின் புகார்கள் எத்தனை மணி நேரத்தில் சரியாயின என்ற ஒரு பக்க அறிக்கை. இந்த இரண்டையும் ஆப் வழியாகக் கொடுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, புகார் மூட எத்தனை மணி நேரம் ஆனது என்பதை உங்கள் வேலைக்கு அளவுகோலாகக் கேளுங்கள்.

கேள்வி: மதுரையில் எங்கள் வணிக வளாகத்தில் கரண்ட் பில், ஜெனரேட்டர் செலவு பற்றி மாதம் தவறாமல் சண்டை. மென்பொருள் போட்டால் தீருமா?

பதில்: பாதி தீரும். மீதிப் பாதி உங்கள் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

வாடகைதாரர்களின் சப் மீட்டர்கள் ஈபி யூனிட்டையும் ஜெனரேட்டர் யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அந்த இரட்டை மீட்டர் இல்லாவிட்டால் டீசல் செலவை எந்த மென்பொருளாலும் நியாயமாகப் பிரிக்க முடியாது. அடுத்தது, மீட்டரில் ஆர்எஸ்-485 போர்ட், அதாவது ரீடிங்கை வயர் வழியாக வெளியே அனுப்பும் இணைப்பு, இருக்கிறதா? அது இருந்தால்தான் மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாக ரீடிங் தானாக வரும். மாட்பஸ் 1979-இல் வந்தது, இன்றும் மீட்டர்களில் அதுதான் பேச்சுமொழி. ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மாதிரி பெரிய இயந்திரங்களும் கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்பும் பெரும்பாலும் பேக்நெட் என்ற இன்னொரு முறையில் பேசும். "எல்லாவற்றோடும் இணைப்போம்" என்று விற்பனையாளர் சொன்னால், உங்கள் மீட்டரின் மாடல் எண்ணைக் கொடுத்து ஒரு மீட்டரை உங்கள் கண் முன்னே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பணம் அதற்கு அப்புறம்.

போர்ட் இல்லை என்றால் ஆள் போய் ரீடிங் எடுக்கட்டும். ஆனால் மீட்டரை போட்டோ எடுத்து பில்லோடு இணைக்கும் வசதி வேண்டும். பாதிச் சண்டை அந்த போட்டோவிலேயே நின்றுவிடும்.

மென்பொருளை ஓட்டுவதற்கு முன் சிடி ரேஷியோவைச் சரிபாருங்கள். பெரிய மின்னோட்டத்தை மீட்டர் அளக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கருவிதான் சிடி, எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதே ரேஷியோ. உள்ளே 100/5 சிடி பொருத்தியிருக்க, மென்பொருளில் 200/5 என்று ஏற்றிவிட்டால் அந்த வாடகைதாரருக்கு மாதா மாதம் இரட்டிப்புப் பில் போகும். கணினியிலிருந்து வந்த பில் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். இப்படி இரண்டு வருடம் அதிகமாகக் கட்டிய ஒரு சிறு நிறுவனத்தை எனக்குத் தெரியும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு மீட்டரையும் திறந்து பார்த்து எழுதி வையுங்கள்.

வரி விஷயமும் இருக்கிறது. வாடகையோடு சேர்த்துக் கொடுக்கும் மின்சாரத்துக்கும் வாடகை போலவே ஜிஎஸ்டி வரும் என்று 2023 அக்டோபர் 31 சுற்றறிக்கை சொல்கிறது. மின்வாரியம் போட்ட தொகையை, ஒரு பைசா கூட்டாமல், வாடகைதாரர் சார்பில் கட்டி வசூலித்தால் கணக்கு வேறு. ஆகவே ஈபி தொகை பில்லில் தனி வரியாக வர வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர் என்றால் அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்லான இ-இன்வாய்ஸும் அதே மென்பொருளிலிருந்து போக வேண்டும். உங்கள் ஆடிட்டரை டெமோவுக்குக் கூட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு மென்பொருள் நல்லதா, நம்மூர்க்காரர்களுடையதா?

பதில்: யார்டி, எம்ஆர்ஐ, விடிஎஸ் போன்றவை பல நகரங்களில் பல கட்டடங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றவை. குத்தகைக் கணக்கு ஆழமாக இருக்கும். இரண்டு மூன்று கட்டடம் வைத்திருப்பவருக்கு அது அதிகச் சுமை. வெளிநாட்டு நிறுவனமே நேராக பில் போட்டால் ஜிஎஸ்டியை விற்பவருக்குப் பதிலாக நீங்களே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்ட வேண்டியிருக்கும், டாலர் ஏறினால் விலையும் ஏறும். நம் பக்கத்தில் 2017-இல் தொடங்கி சென்னையில் வளர்ந்த ஃபெசிலியோ பெரிய கட்டடங்களின் இயந்திரங்களையும் பராமரிப்பையும் பார்ப்பது. பெங்களூருவின் மைகேட் குடியிருப்புகளுக்காக வந்தது. குடியிருப்பு ஆப்பை மலிவு என்று அலுவலகத்துக்கு வாங்காதீர்கள். அலுவலகக் குத்தகைக் கணக்குக்காக அது செய்யப்பட்டதில்லை.

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கு வரும் விருந்தினரின் ஆதாரை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுகிறார்கள். முகத்தை அடையாளம் காணும் கேமராவும் வைக்கலாம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: அம்மா, ஆதார் போட்டோவை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே வர பெயர், போன் எண், யாரைப் பார்க்க வந்தார் என்பது போதும். ஓடிபி அனுப்பினால் எண் உண்மைதானா என்பதும் தெரிந்துவிடும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தகவல் ஆப் நிறுவனத்தின் சர்வரிலிருந்து கசிந்தாலும், அதைச் சேகரிக்கச் சொன்ன உங்கள் நிர்வாகம்தான் பொறுப்பு. போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விருந்தினர் பதிவுகள் எத்தனை நாளில் அழியும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முக அடையாளம் வேண்டாம் என்பதே என் கருத்து. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், முகத்தை எப்படி மாற்றுவது? ஒரு கூரியர் பையன் நான்காம் மாடிக்குப் பார்சல் கொடுக்க வருவதற்கு அவன் முகத்தை நாம் வைத்துக்கொள்வது முறையில்லை.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டி மென்பொருள் வாங்கினோம். எட்டாவது மாதமே சப்போர்ட் நின்றுவிட்டது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. கட்டடத்தை வாடகைக்கு விடும் நிறுவனம் அதற்குள் நுழைவது கடினம். ஆகவே உங்கள் ஆயுதம் அந்த ஒப்பந்தம்தான். அதில் தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் தீர்ப்பார் என்ற நடுவர் தீர்ப்புப் பிரிவு இருக்கிறதா, இருந்தால் எந்த ஊர் என்று பாருங்கள். அது இல்லை, தொகையும் 3 லட்சத்துக்குக் குறையாது என்றால் வணிக நீதிமன்றம் இருக்கிறது. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குக்கு முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும்.

வழக்கைவிட அவசரம் உங்கள் தரவு. எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. ஒப்பந்தம் முடிந்ததும், எங்கள் லிஃப்ட், ஜெனரேட்டர் சர்வீஸ் விவரங்களை அந்த நிறுவனம் பிடிஎஃப் ஆக மட்டும்தான் தந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். இரண்டு பெண்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து அதைத் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் கண் சிவந்து வீட்டுக்குப் போனதை நான் மறக்கவில்லை.

லாகின் இன்னும் வேலை செய்கிறது என்றால், இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் உள்ளே போய் வாடகைதாரர் பட்டியல், குத்தகைத் தேதிகள், மீட்டர் ரீடிங், புகார்கள், இயந்திர சர்வீஸ் பதிவுகள் ஐந்தையும் எக்செல்லாக இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வக்கீலுக்கு போன் செய்யுங்கள்.